பயறளவு பேஸ்ட்

கொம்பியூட்டர் திருத்துகிற தொழிலில் உள்ள பெரிய துக்கம், நாங்கள் செய்கிற நல்ல வேலை எல்லாம் மூடிக்குள்ளே போய்விடும் என்பதுதான். தையல்காரி தைத்த சட்டையை ஊர் பார்க்கும். மேசன் கட்டின மதிலை ஊர் பார்க்கும். நான் பூசுகிற பேஸ்டை, பூசி முடித்த நிமிசத்துக்குப் பிறகு ஒருவரும் பார்க்கமாட்டார்கள். யாராவது பார்க்கிறார்கள் என்றால் அந்தக் கொம்பியூட்டர் திரும்பவும் பழுதாகிவிட்டது என்று அர்த்தம்.

என்ன பேஸ்ட் என்று கேட்பீர்கள். கொம்பியூட்டருக்குள்ளே கணக்குப் பார்க்கிற சில்லு ஒன்று இருக்கிறது. புரொசெசர் என்போம். ஒரு பிஸ்கட் அளவுதான், ஆனால் வேலை செய்யச் செய்ய அடுப்புமாதிரிச் சூடாகும். அந்தச் சூட்டை இழுத்தெடுக்க அதன் தலையில் ஓர் உலோகக் கட்டியையும் ஒரு ஃபானையும் பூட்டியிருப்பார்கள். சில்லும் கட்டியும் பார்வைக்கு வழுவழுப்பாகத்தான் இருக்கும். ஆனாலும் இடையில் கண்ணுக்குத் தெரியாத பள்ளங்கள் உண்டு. அந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் சாம்பல் நிறத்தில் இந்தப் பேஸ்ட். சில வருசத்தில் காய்ந்து பொரிந்துவிடும். பிறகு சூடு போக வழியில்லாமல் கொம்பியூட்டர் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். அப்போது சனம் எங்களைத் தேடி வரும். நீங்களும் மணிக்கூடோ மோட்டரோ பல்லோ திருத்துகிற ஆளாக இருந்தால் உங்களுக்குத் தெரியும், சாமான் மட்டும் தனியாக ஒருநாளும் வருவதில்லை. ஒரு வீடும் அதோடு சேர்ந்து வரும்.

பொட்டும் பூச்சும்

எங்கள் கடை சுன்னாகத்தில், சந்தைக்குப் பக்கத்து ஒழுங்கையில் இருக்கிறது. முன்பக்கம் முதலாளி சபேசன் அண்ணையின் ராச்சியம். புதுச்சாமான் விற்பது, சனத்தோடு கதைப்பது எல்லாம் அவர்தான். நடுவிலே ஒரு திரைச்சீலை. அதற்குப் பின்னாலே ஒரு நீட்டு மேசை, அதிலே நானும் ரூபனும். இரண்டு பேரும் ஒரே வகுப்பில் கொம்பியூட்டர் திருத்தப் படித்தவர்கள். ரூபன் அதிகம் கதைக்கமாட்டான். ஆனால் கை என்றால் கை. தலைமயிர்போல இருக்கிற கம்பியை மூச்சுவிடாமல் அசையாமல் பிடித்து ஒட்டுவான். நான் பொம்பிளை என்றபடியால் வருகிறவர்கள் திரையை விலக்கி என்னைப் பார்த்துவிட்டு, "திருத்திறவர் எங்கை பிள்ளை?" என்று ரூபனைத்தான் தேடுவார்கள். ரூபன் தலைநிமிராமல் ஸ்குறூ டிரைவராலே என்னைக் காட்டுவான்.

எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே ஒரு சண்டைதான், அதுவும் இந்தப் பேஸ்டால். நான் புரொசெசரின் நடுவில் பயறளவில் ஒரு பொட்டு வைத்துக் கட்டியை அமர்த்திவிடுவேன். அது தானாகப் பரவும். ரூபனுக்கு அது அரைகுறை வேலை. அவன் பழைய போன் காட் அட்டை ஒன்றால் பாணுக்கு மாஜரின் பூசுகிறமாதிரி மூலைவரை மெல்லிசாக இழுத்துவிடுவான். "உது பரவாது தயா, மூலை காயும்" என்பான். "பரவும், நீ பூசிப் பூசிக் காத்தை உள்ளுக்கை விடுறாய்" என்பேன். ஒருநாள் இரண்டு பேரும் ஒரே கொம்பியூட்டரை மாறிமாறிக் கழற்றிப் பூட்டிச் சூட்டை அளந்து பார்த்தோம். வித்தியாசம் இல்லை. இரண்டு பேருக்கும் முகம் விழுந்துபோய்விட்டது. திரையை விலக்கிக்கொண்டு நின்ற சபேசன் அண்ணை சொன்னார்: "எனக்கு உங்கடை பொட்டும் விளங்கேல்லை, பூச்சும் விளங்கேல்லை. ஆனா ஒருத்தரை ஒருத்தர் பேசிப் பேசித்தான் ரெண்டுபேரும் ஒழுங்காய் வேலை செய்யிறியள்."

நின்றுபோன பொருத்தம்

மல்லாகத்திலிருந்து ஜாதகம் பார்க்கிற ஒரு சாத்திரியார் ஓட்டோவில் தன் கொம்பியூட்டர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய விபூதி, முகத்தில் மட்டும் ஒரு துளி இரத்தமில்லை. "பிள்ளை, இது இடையிலை நிண்டுபோகுது. ஏனெண்டு எனக்கு இப்பவே தெரியவேணும்" என்றார். இப்பவே தெரிய வேண்டும் என்று எல்லாரும்தான் சொல்வார்கள். ஆனால் அவர் கதிரையிலும் இருக்கவில்லை. மேசைக்குப் பக்கத்திலே வந்து நின்றார்.

மூடியைத் திறந்தேன். சாம்பிராணிப் புகையும் தூசியும் சேர்ந்து ஃபான் கம்பளி போர்த்தின மாதிரி இருந்தது. கட்டியைக் கழற்றினால் பேஸ்ட் விபூதியாகக் கொட்டியது. "ஐயா, வேறை ஒண்டுமில்லை, பசை காஞ்சுபோச்சு. சூடு ஏற நிண்டிடும்" என்றேன். அவர் அப்போதுதான் கதிரையில் இருந்தார். பிறகு சொன்னார். முதல்நாள் அவர் வீட்டு மண்டபத்தில் ஒரு மாப்பிள்ளைப் பகுதியும் பொம்பிளைப் பகுதியும் வந்து இருந்தார்களாம். பெடியனும் பெட்டையும் ஏற்கனவே விரும்பினவர்கள். இரண்டு வீட்டுக்கும் சம்மதம். குறிப்புப் பார்த்தது தாய்மாரின் மனத்திருப்திக்கு மட்டும். இரண்டு குறிப்பையும் கொம்பியூட்டரில் அடித்துப் பொருத்தம் பார்க்கிற நேரம் திரை கறுத்துவிட்டது. திரும்பப் போட, திரும்பவும் அதே இடத்தில் நின்றது. சகுனம் சரியில்லை என்று மாப்பிள்ளையின் தாய் எழும்பிவிட்டா. வைத்த தேத்தண்ணியையும் தொடாமல் எல்லாரும் போய்விட்டார்கள்.

நான் பழையதைத் துடைத்து, பயறளவு பேஸ்ட் வைத்துப் பூட்டிப் போட்டுக் கொடுத்தேன். அவர் அந்த இரண்டு பேரின் பிறந்த நேரத்தையும் மனப்பாடமாகவே அடித்தார். கொம்பியூட்டர் ஒரு சத்தமும் இல்லாமல் கணக்குப் பார்த்து முடித்தது. உத்தமப் பொருத்தம். சாத்திரியார் அங்கேயே போனை எடுத்து மாப்பிள்ளையின் தாயைக் கூப்பிட்டார். நானும் ரூபனும் கையிலிருந்ததை வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டு நின்றோம். அவர் பசை காய்ந்த கதையைச் சொல்லத் தொடங்கினார், பாதியிலே நிறுத்தினார், பிறகு "ஓம்... ஓம்..." என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். போனை வைத்த பிறகு, "மிசின் சொன்னது பிழையாய் இருக்கலாமாம். நிண்டது பிழையாய் இருக்காதாம்" என்றார். அந்தப் பெடியனுக்கு ஆவணியில் வேறிடத்தில் கலியாணம் நடந்தது என்று பிறகு கேள்விப்பட்டேன். அன்றைக்குச் சாத்திரியார் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்று திரும்பிக் கேட்டது இன்னும் என் காதில் கிடக்கிறது: "சனி எண்டால் பரிகாரம் சொல்லுவன். பசை காஞ்சதுக்கு நான் என்ன பரிகாரம் சொல்லுறது பிள்ளை?"

பாம் மணம்

கணேஸ் அண்ணை மினிபஸ் ஓடுகிறவர். ஒருநாள் மகளின் லப்டொப்பைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். மூடியைத் திறந்ததும் மேசை முழுக்க ஆஸ்பத்திரி வாட்டு மணம். ரூபன் தும்மினான். மகள் கம்பஸ் லீவில் வந்து நின்றபோது லப்டொப் மடியைச் சுடுகிறது என்று சொல்லியிருக்கிறாள். இவர் போனில் ஒரு வீடியோ பார்த்திருக்கிறார். பாசை விளங்கவில்லை. வெள்ளைத் தோல்காரன் ஒருவன் ஏதோ ஒரு பசையை எடுத்து அந்தச் சில்லின் தலையில் பூசுகிறான், சூடு இறங்குகிறது. தலைச்சூட்டுக்கு எங்கள் வீடுகளில் என்ன பூசுவோம்? மகள் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து அலுமாரியிலிருந்த தலையிடிக்குப் பூசுகிற பாம் போத்தலை எடுத்து அள்ளிப் பூசிவிட்டார்.

மனுசன் தன் மகளுக்கு நல்லது செய்யத்தான் நினைத்தார். அதுதான் எனக்குக் கவலை. பாம் சூட்டில் உருகி ஓடி, போர்ட்டிலுள்ள சில்லுகளின் கால்களுக்குள்ளே எல்லாம் இறங்கிவிட்டது. ரூபன் ஒரு பகல் முழுக்க ஸ்பிரிட்டாலே கழுவிப் பார்த்தான். உயிர் வரவில்லை. அவளுடைய படிப்பு வேலைகள் இருந்த டிஸ்கை மட்டும் பத்திரமாகக் கழற்றிக் கொடுத்தோம். கணேஸ் அண்ணைக்கு அதை மகளிடம் சொல்லத் துணிவில்லை. என்னிடமே போனைத் தந்து ஸ்பீக்கரில் போட்டார். நான் நடந்ததைச் சொன்னேன். பிறகு அந்தப் பிள்ளை, அழுகிறாளா சிரிக்கிறாளா என்று பிடிக்க முடியாத குரலிலே சொன்னாள்: "அப்பா, பாம் பூசினதுதான் பூசினியள், தலையிலை ஒரு சீலையும் சுத்தி விட்டிருக்கலாமே."

கையால் கதைக்கிற வீடு

வல்வெட்டித்துறையிலிருந்து இரண்டு சகோதரிகள் பஸ்ஸில் வந்தார்கள். மூத்தவ மங்கையக்கா, கதைத்தது முழுக்க அவதான். இளையவ பவளம். பிறப்பிலேயே காதும் கேட்காது, வாயும் கதைக்காது. பவளத்துக்கு ஒரே மகள், கலியாணம் செய்து லண்டனில் இருக்கிறாள். தாயும் மகளும் கையாலேதான் கதைப்பார்கள். போனில் அது சரிவராது. ஒரு கை போனைப் பிடித்தால் பாதிக் கதை போய்விடும். அதனாலே மகள் ஒரு லப்டொப் அனுப்பியிருந்தாள். மேசையில் வைத்துவிட்டு இரண்டு கையாலும் கதைக்கலாம். இப்போது அது கொஞ்ச நேரத்திலேயே கொதித்து நின்றுவிடுகிறதாம். "இவளுக்கு அதுதான் வாய், பிள்ளை. பாத்துச் செய்யுங்கோ" என்றா மங்கையக்கா.

திறந்தால், கடற்காற்று தன் வேலையைச் செய்திருந்தது. சூடு கடத்துகிற செப்புக் குழாய் பச்சை பிடித்துப்போய், ஃபானில் உப்பும் மணலும், பேஸ்ட் காய்ந்து சோக்கட்டியாய். குழாயைக் கொழும்பிலிருந்து எடுப்பிக்க வேண்டியிருந்தது. அது வந்த அன்றைக்கு அவர்களைக் கூப்பிட்டு, அவர்களுக்கு முன்னாலேயே பூட்டினேன். பவளம் என் மேசையிலேயே வைத்து மகளைக் கூப்பிட்டா. லண்டனில் அப்போதுதான் விடிந்திருக்கும். மகள் நித்திரை முகத்தோடு வந்தாள். பிறகு நடந்ததை எப்படிச் சொல்ல? ஒரு சத்தமும் இல்லை, கைகள் பறந்தன. பவளம் எங்களைக் காட்டி ஏதோ சொல்ல, மகள் அங்கிருந்து கும்பிட்டாள். சபேசன் அண்ணை முன்கடையை விட்டுவிட்டு வந்து திரைக்குப் பக்கத்தில் நின்றார். கொதிக்கவுமில்லை, நிற்கவுமில்லை. போகும்போது பவளம் என் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துவிட்டுப் போனா. நான் அன்றைக்கு வீட்டுக்கு நடந்து போகவில்லை, மிதந்துதான் போனேன்.

சில மாதம் கழித்து மங்கையக்கா தனியாக, ஒரு சார்ஜர் வாங்க வந்தா. நான் ஆசையோடு கேட்டேன், "லப்டொப் எப்பிடி அக்கா? இப்ப நிக்கிறேல்லைத்தானே?" அவ சார்ஜரின் வயரைச் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டு நின்றா. மருமகன் மகளை விட்டுவிட்டுப் போய் ஒரு வருசத்துக்கு மேலாகிறதாம். பிள்ளை அந்தக் குளிருக்குள்ளே ஒரு அறையில் தனியாகத்தான் இருக்கிறாளாம். தாய்க்கு இவ்வளவு காலமும் தெரியாது. இப்போது பவளம் சாப்பிடுகிறா இல்லை. லப்டொப்புக்கு முன்னாலே இருந்து கையைக் கட்டிக்கொண்டு மகளைப் பார்த்துக்கொண்டே இருக்கிறா. மங்கையக்கா என்னைக் குறை சொல்லவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னா: "முந்தி அது தானாய் நிண்டிடும் பிள்ளை. சுகமோ, சாப்பிட்டியோ எண்டதோடை முடிஞ்சிடும். நீங்கள் திருத்தித் தந்தாப் பிறகுதான் பெட்டை எல்லாத்தையும் சொல்லி முடிச்சவள்."

பெருவிரல்

கொழும்புத்துறைத் தவராசா ஐயா கடலுக்குப் போகிறவர். பழைய கொம்பியூட்டர் ஒன்றைப் பெட்சீட்டால் சுற்றி, சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வந்தார். அவ்வளவு தூரம் ஏன் எங்களிடம் வந்தார் என்று கேட்டபோது, "ஆரோ சொன்னவை, இஞ்சை கவனமாய்ச் செய்வியளெண்டு" என்றார். மகள் சோதனைக்குப் படிக்கிறாள், கொம்பியூட்டர் சூடாகி நிற்கிறது. அவ்வளவுதான் சொன்னார். அவிழ்த்த பெட்சீட்டை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அதை ரூபன் எடுத்தான். திறந்ததும் அவன் வாயிலிருந்து வந்தது, "சிவனே, ஆரோ பழகிறவன் பூட்டியிருக்கிறான்." பேஸ்டை அள்ளிப் போட்டிருந்தது. அது பிதுங்கி, ஃபான் சட்டத்திலும் வயர்களிலும் பெட்டியின் உட்சுவரிலும் சாம்பல் நிறத்தில் அங்கங்கே அப்பி, காய்ந்துபோயிருந்தது. ரூபனுக்கு ஊத்தை கண்ணில் பட்டால் சாப்பாடு இறங்காது. பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு ஒவ்வொரு மூலையாகத் துடைத்தான். வயர்களைச் சேர்த்துக் கட்டினான். பிறகு தன் பழைய போன் காட்டை எடுத்து மூலைவரை மெல்லிசாகப் பூசினான். அன்றைக்கு அது கடையிலிருந்த புதுக் கொம்பியூட்டர்களைவிடப் புதிதாக இருந்தது. தவராசா ஐயா வரும்போது பார்க்கட்டும் என்று பக்க மூடியைப் போடாமலே வைத்திருந்தோம். எங்கள் வேலையை ஒருவர் பார்க்கட்டும் என்ற ஆசைதான்.

ஐயா வந்தார். குனிந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உள்ளே பார்த்தார். கையை விட்டு உட்சுவரைத் தடவினார். ஓரிடத்தில் மட்டும் திரும்பத் திரும்பத் தடவினார். "இதிலை ஒரு பெருவிரல் அடையாளம் இருந்ததல்லோ பிள்ளை?" என்று கேட்டார். நான் ரூபனைப் பார்த்தேன். ரூபன் ஐயாவைப் பார்த்தான். பிறகுதான் அவர் சொன்னார். அந்தக் கொம்பியூட்டரைப் பூட்டினது அவருடைய மகன். சாமான்களை ஒவ்வொன்றாகச் சேர்த்து, தங்கச்சி படிக்கட்டும் என்று நிலத்தில் இருந்து பூட்டினானாம். பூட்டி முடித்த கையோடு பெட்டியைப் பிடித்துத் தூக்கி மேசையில் வைத்தபோது அந்தப் பேஸ்ட் பட்ட விரல் உள்ளே பதிந்துவிட்டது. அந்த வருசமே மோட்டச்சைக்கிளில் போய் விபத்தில் செத்துப்போனான். தாய் இடைக்கிடை மூடியைக் கழற்றச் சொல்லி அந்த அடையாளத்தைப் பார்ப்பாவாம். ரேகை ரேகையாகத் தெரியுமாம்.

ரூபன் குப்பைக்கூடையைத் தூக்கி நிலத்தில் கவிழ்த்தான். முழங்காலில் இருந்துகொண்டு, கறுத்துப்போன பஞ்சுகளை ஒவ்வொன்றாக எடுத்து விரித்துப் பார்த்தான். அதிலே என்ன இருக்கப்போகிறது? எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். ஆனாலும் அவன் நிறுத்தவில்லை. தவராசா ஐயா குனிந்து அவன் தோளைப் பிடித்து எழுப்பினார். அந்த மனுசனுக்குக் கோபம் வந்திருந்தால் எங்களுக்கு எவ்வளவு லேசாக இருந்திருக்கும். அவர் சொன்னது இதுதான்: "விடுங்கோ தம்பி. நீங்கள் உங்கடை வேலையை வடிவாய்த்தான் செய்திருக்கிறியள்."

திரைக்கு அந்தப் பக்கம்

அதற்குப் பிறகு ரூபன், பெட்டி கொண்டுவருகிற எல்லாரிடமும் ஒரு கேள்வி கேட்கத் தொடங்கினான்: "உள்ளுக்கை துடைக்கக் கூடாத இடம் ஏதும் இருக்கோ?" சனம் சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. கொஞ்சக் காலத்தில் வேறொன்றையும் கவனித்தேன். பேஸ்ட் குழாயைப் பிடிக்கும்போது வலது மணிக்கட்டை இடது கையாலே பிடித்துக்கொண்டான். கொழும்புத்துறைப் பெருவிரல் கவலைதான் இன்னும் போகவில்லை என்று நினைத்தேன். சில புரொசெசர்களுக்கு அடியிலே தலைமயிர்போல ஊசிகள் இருக்கும். ஒன்று வளைந்தாலும் சில்லு வேலை செய்யாது. ஒருநாள் ஒரு வாடிக்கையாளரின் புரொசெசரை வைக்கும்போது அவன் கை துள்ளி, ஒரு வரிசை ஊசி முழுக்கச் சரிந்துவிட்டது. அவன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். நான் வாங்கி, ஒவ்வொரு ஊசியாக நிமிர்த்தினேன். சில்லு தப்பியது. ரூபன் அடுத்தநாள் ஆஸ்பத்திரிக்குப் போனான்.

உயிருக்கு ஒன்றும் செய்யாத நடுக்கம்தானாம். மருந்து குடித்தால் குறையும், ஆனால் முழுக்க மாறாது. சபேசன் அண்ணை பெரிய கதை ஒன்றும் வைக்கவில்லை. முன்பக்கத்தில் தன் கதிரையை ரூபனுக்குக் கொடுத்துவிட்டு, தான் ஒரு ஸ்டூலுக்கு மாறினார். மூன்று வசனம் சேர்த்துக் கதைக்காத மனுசன் இப்போது சனத்தோடு கதைக்கவேண்டும். முதலில் இரண்டு பேரோடு சண்டை பிடித்தான். பிறகு ஒரு மாற்றம். அவன் சனத்தைக் கதைக்கவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பான். யார் வாங்கித் தந்தது, யார் பாவிப்பது, எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்பான். திரைக்கு இந்தப் பக்கம் என் மேசைக்குச் சாமான் வரும்போது அவன் எழுதின ஒரு சின்னக் கடதாசித் துண்டும் சேர்ந்து வரும்: 'மூடியிலிருக்கிற சாமிப்படத்தைக் கழற்ற வேண்டாம்', 'ஃபான் சத்தம் போகட்டும், ஆனால் அந்த ஸ்டிக்கர் இருக்கட்டும்.' இப்போது சனம் வாசலிலேயே "ரூபன் தம்பி இல்லையோ?" என்று கேட்கிறது. ஆனால் மேசையில் அவனுடைய பக்கம் வெறுமையாகக் கிடக்கிறது. பேஸ்ட் போட்டால் பிழை பிடிக்க ஆளில்லை. நான் பயறளவு வைத்தாலும் கடலையளவு வைத்தாலும் கேட்க ஒருவரும் இல்லை.

போன கிழமை மத்தியானம், சாப்பாட்டு நேரம், ரூபன் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தான். தன் பழைய இடத்தில் இருந்தான். மேசை லாச்சியிலிருந்து செத்துப்போன புரொசெசர் ஒன்றை எடுத்து வைத்து, பேஸ்ட் குழாயை எடுத்தான். நான் சோற்றுப் பார்சலைப் பார்த்துக்கொண்டு, பார்க்காத மாதிரி இருந்தேன். நேர்கோடு ஒன்று போடப் பார்த்தான். கோடு எறும்பு ஊர்ந்தமாதிரி வளைந்து நெளிந்து ஓடியது. துடைத்தான். திரும்பப் போட்டான். அதுவும் அப்படித்தான். சிரித்துவிட்டு, பஞ்சை எடுத்து அந்தச் செத்த சில்லைப் பளபளவென்று துடைத்து லாச்சிக்குள் வைத்தான். "நோகுதோ?" என்று கேட்டேன். கேட்டிருக்கவேண்டிய கேள்வி அதில்லை என்று கேட்ட பிறகுதான் தெரிந்தது. முன்கடையில் யாரோ கூப்பிட, அவன் எழும்பினான். திரையைப் பிடித்தபடி சொன்னான்: "கை நடுங்கிறதுக்கு மருந்து தருகினம் தயா. கை சும்மா கிடக்கிறதுக்கும் கேட்டுப் பாத்தனான், அதுக்கு மருந்தில்லையாம்."

இவ்வளவுக்கும் பிறகு, முன்கடைச் சுவரில் ஒரு சின்ன அறிவித்தல் ஒட்டச் சொல்லிச் சபேசன் அண்ணையிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்: எங்கள் உத்தரவாதம் கொம்பியூட்டரின் சூட்டுக்கு மட்டும்தான், அது திருந்தியதால் வருகிற கவலைகளுக்கு இல்லை.